சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிஞ்சவன் பாதிச் சண்டையை ஜெயிச்சவன்

(கும்மிடிப்பூண்டியில் ஞாயிறு மாலை நடந்த நம் இளைஞரணிக் கூட்டத்தில் மாவட்ட நிர்வாகி பேசியதன் எழுத்து வடிவம். ஷிஃப்ட் காரணமாக வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகத் தருகிறோம். படியுங்கள், உங்கள் ரூம் நண்பர்களுக்கும் பகிருங்கள்.)

இன்னும் ரெண்டு மணி நேரத்துல நைட் ஷிஃப்டுக்குப் போகணும், அதுக்கு முன்னாடி தலையைக் காட்டிட்டுப் போலாம்னு வந்திருக்கிற தம்பிகளுக்கு முதல் வணக்கம். கவரைப்பேட்டை, எளாவூர், மாதர்பாக்கம், பொன்னேரியில இருந்தெல்லாம் வந்திருக்கிற தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

மேடைன்னா நாலு பேரைத் திட்டிப் பேசணும், கைதட்டு வாங்கணும்னு எதிர்பார்ப்பீங்க. இன்னைக்கு நான் அப்படிப் பேசப் போறதில்லை. உங்க சட்டைப் பையைப் பத்திப் பேசப் போறேன்.

2008-ல எனக்கு 19 வயசு. ஐ.டி.ஐ. முடிச்சிட்டு, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு பையைத் தூக்கிக்கிட்டு இந்த சிப்காட்டுக்கு வந்தேன். ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. முதல் மாசச் சம்பளம் கவர்ல 4,200 ரூபாய். அவ்வளவு பணத்தை என் பேர்ல நான் பார்த்ததே இல்லை. ரூம்ல எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். புதுச் சட்டை, ஒரு போன். பன்னிரண்டாம் தேதி கை காலி. அம்மா போன் பண்ணி, "ஏதாவது அனுப்புறியாப்பா?"ன்னு கேட்டாங்க. "கம்பெனியில இன்னும் சம்பளம் போடலம்மா"ன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்னைக்கும் உறுத்துது.

அந்தக் கவருக்குள்ள பணத்தோட ஒரு சீட்டும் இருந்தது. அதை நான் படிக்கவே இல்லை, கசக்கிப் போட்டுட்டேன். அந்தச் சீட்டைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு.

தம்பி, உன் சம்பளம் 15,000-ன்னு வெச்சுக்கோ. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தே அவ்வளவுன்னு வை. கையில வர்றது 13,087. மீதி எங்க போச்சு? பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். "புடிச்சிட்டாங்கண்ணே"ன்னு சொல்லிட்டு நிறுத்திடுறோம். ஆனா முதலாளியும் தன் பங்குக்கு இன்னொரு 1,800 கட்டணும். அதுல 1,250 உன் பென்ஷன் கணக்குக்குப் போகும், 550 உன் பி.எஃப்.ல சேரும். ஈ.எஸ்.ஐ.க்கும் அவர் 3.25 சதவீதம் கட்டணும்.

கணக்குப் போடு. மாசம் 2,350 ரூபாய் உன் பி.எஃப்.ல ஏறணும். மூணு வருஷத்துக்கு 84,600. வட்டி தனி. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு உதவுற பணம் இது. இது நிஜமா ஏறுதா, இல்ல புடிச்சுட்டுக் கட்டாம விட்டுட்டாங்களான்னு நம்மள்ல எத்தனை பேர் பார்த்திருக்கோம்? கை தூக்குங்க பார்க்கலாம். பாத்தீங்களா, பத்து கை கூட இல்லை.

நான் 2008-ல இருந்து 2013 வரைக்கும் மூணு கான்ட்ராக்டர்கிட்ட மாறினேன். கம்பெனி கேட் அதேதான், மெஷின் அதேதான், கான்ட்ராக்டர் பேர் மட்டும் மாறும். ஒவ்வொரு தடவையும் புது பி.எஃப். நம்பர். பழைய நம்பரை எழுதி வைக்கல. ரெண்டு கணக்குப் பணத்தை மீட்க எனக்கு எத்தனை நடை, எத்தனை லீவு! 2014-ல யு.ஏ.என். வந்தது. ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் ஒரே நம்பர். கான்ட்ராக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த நம்பர் மாறாது. வேலை மாறும்போது "எனக்குப் பழைய யு.ஏ.என். இருக்கு, அதையே போடுங்க"ன்னு சொல்லு. ஒவ்வொரு வேலை விடும்போதும் பணத்தை உருவிட்டா, பென்ஷனுக்குத் தேவையான பத்து வருஷ சர்வீஸ் கணக்கும் அறுந்து போகும்.

அடுத்து ஒரு விஷயம். இதைச் சொல்லாம என்னால இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

என் ரூம்ல ஒரு தம்பி இருந்தான். பேர் வேண்டாம். 22 வயசு. நைட் ஷிஃப்ட் முடிச்சு விடியக்காலையில ஜி.என்.டி. ரோட்டுல பைக்ல வரும்போது லாரி மோதிப் போயிட்டான். ஊர்ல அம்மா மட்டும்தான். உடம்பை வாங்கிட்டுப் போய் எல்லாம் முடிச்சப்புறம் ஒரு மாசம் கழிச்சு அந்தம்மா வந்தாங்க. "புள்ள வேலை பார்த்த காசு ஏதாவது இருக்காப்பா?"ன்னு கேட்டாங்க. பார்த்தா, பி.எஃப்.ல நாமினி இடம் காலி. எழுதவே இல்லை. ஆதார்ல ஒரு பேர், கம்பெனியில ஒரு பேர். எழுத்துப் பிழைதான். அந்த ஒரு எழுத்துக்காகவும் ஒரு கையெழுத்துக்காகவும் அந்தம்மா ஒண்ணரை வருஷம் ஊருக்கும் இங்கயுமா அலைஞ்சாங்க. கைநாட்டு வைக்கிற அம்மா.

கடைசியில பணம் வந்தது. ஏன்னா சட்டத்துல இருக்கு. பி.எஃப்.ல இருக்கிற தொழிலாளி வேலையில இருக்கும்போது இறந்தா, இ.டி.எல்.ஐ. இன்ஷூரன்ஸ் உண்டு. இப்ப அதிகபட்சம் 7 லட்சம். இதுக்கு உன் சம்பளத்துல ஒரு ரூபாய் பிடிக்கிறதில்லை. வேலைக்குப் போற வழியிலயோ திரும்பி வர்ற வழியிலயோ விபத்து நடந்தாலும், வேலையோட அதுக்குத் தொடர்பு இருந்தா ஈ.எஸ்.ஐ. அதை வேலை விபத்தாவே எடுத்துக்கும். அவனை நம்பி இருந்தவங்களுக்கு மாசாமாசம் பணம் வரும். இதெல்லாம் அந்தப் பையனுக்கும் தெரியாது, எனக்கும் அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தம்மாவுக்கு ஒண்ணரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

ஈ.எஸ்.ஐ.ன்னா தலைவலி மாத்திரை கொடுக்கிற இடம்னு மட்டும் நினைக்காதீங்க. காய்ச்சல்ல நாலு நாள் படுத்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு, சம்பளத்தையும் விட்டுடுறோம். ஈ.எஸ்.ஐ. டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கினா, தகுதி நாட்கள் இருந்தா, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். தங்கச்சிகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், சம்பளத்தோட.

இப்ப கையில வர்ற 13,000-க்கு வருவோம். நாலு பேர் சேர்ந்த ரூம்ல வாடகைப் பங்கு 1,800. சேர்ந்து சமைச்சா சாப்பாடு 4,000. வீட்டுக்கு 4,000. பயணம், போன் 1,000. சேமிப்பு 1,000. மிச்சம் 1,200 உன் இஷ்டம், சினிமா போ, யாரும் கேட்க மாட்டோம். இது வேதவாக்கு இல்லை, உன் கணக்கை நீ போடு. ஆனா ஒரே ஒரு வரிசை முக்கியம்: சம்பளம் ஏறின அன்னைக்கே வீட்டுப் பணமும் சேமிப்பும் போயிடணும். மிச்சம் இருந்தா சேர்க்கலாம்னு நினைச்சா, மிச்சமே இருக்காது. என்னைப் பாருங்க, பன்னிரண்டாம் தேதி ஆளு நான்!

சமைக்கக் கத்துக்கோங்கப்பா. ஒரு குக்கர், ஒரு சாம்பார், ஒரு முட்டைக் குழம்பு. வாரம் முறை போட்டுக்கோங்க. ஒடிசா, பீகார் தம்பிங்க பக்கத்து ரூம்ல எட்டு பேர் சேர்ந்து சமைச்சுச் சாப்பிட்டு ஊருக்குப் பணம் அனுப்புறாங்க. அவங்களைக் கேலி பண்றதை விட்டுட்டு அவங்ககிட்ட கத்துக்கலாம்.

கடன். தினத்தண்டல்காரர் 10,000 கடன்னு சொல்லி 8,500 கையில கொடுப்பார். தினம் நூறு, நூறு நாள். "1,500 தானே"ன்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கட்டிட்டு வர்றோம். ஒழுங்காக் கணக்குப் போட்டா வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். போன்ல வர்ற லோன் ஆப் இன்னும் மோசம். உன் போட்டோ, உன் கான்டாக்ட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, ஒரு நாள் தவறினா உன் அத்தைக்கும் மாமாவுக்கும் அசிங்கமா மெசேஜ் போடுவான். அப்படி ஒருத்தன் மிரட்டினா பயந்து உயிரை விடாதே. 1930-க்குப் போன் பண்ணு, இல்ல எங்களுக்குப் பண்ணு. உயிரை விட எந்தக் கடனும் பெரிசு இல்லை. கந்துவட்டிக்கு எதிரா இந்த மாநிலத்துல 2003-லயே சட்டம் இருக்கு. மாசம் 25, 30 சதவீதம் தர்றேன்னு ஒருத்தன் வந்தா, அவன் சொந்த அண்ணனா இருந்தாலும் எழுந்து போயிடு.

தங்கச்சிகளுக்குத் தனியா ஒண்ணு. விடியக்காலையில கம்பெனி பஸ் ஏறி, நாள் பூரா நின்னு சம்பாதிக்கிற. உன் ஏ.டி.எம். கார்டு யார்கிட்ட இருக்கு? அப்பாகிட்டயா, அண்ணன்கிட்டயா? வீட்டுக்குக் கொடு, தாராளமாக் கொடு. ஆனா கார்டும் ரகசிய நம்பரும் உன்கிட்ட இருக்கணும். கொடுக்கிற கை உன் கையா இருக்கட்டும்.

இப்ப பின்னாடி இருந்து ஒரு தம்பி கேக்குறார், "சம்பளமே பத்தல, இதுல சேமிப்பு பாடம் வேறயா அண்ணே?"ன்னு. நியாயமான கேள்வி தம்பி. நீ ஏழையா இருக்கிறது நீ டீ குடிக்கிறதால இல்லை. சம்பளம் குறைச்சல், அதனாலதான். நிரந்தரத் தொழிலாளி பக்கத்துல நின்னு அதே வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கம்மிச் சம்பளம், அதனாலதான். அந்தச் சண்டையை நாம விடப் போறதில்லை.

ஆனா சீட்டைப் படிக்காதவன் எப்படி அதிகம் கேட்பான்? ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம்னு சட்டம் சொல்லுது. எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தேன்னு நீ குறிச்சு வெச்சாத்தானே கேட்க முடியும்? 1918-ல இதே சென்னையில பெரம்பூர் மில் தொழிலாளிங்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கட்டினாங்க. அதுக்கும் முன்னாடி 1904-ல திருவல்லிக்கேணியில கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினாங்க. கூலியைக் கேக்குறதும், கிடைச்ச கூலியைக் காப்பாத்துறதும் நம்ம ஊர்ல அப்பவே சேர்ந்துதான் நடந்திருக்கு.

இந்த வாரம் நாலு வேலை செய்யுங்க.

ஒண்ணு, பி.எஃப்.ல பதிஞ்ச போன்ல இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்க. உங்க கணக்கு மெசேஜா வரும். பணம் ஏறலைன்னா சீட்டோட எங்ககிட்ட வாங்க.

ரெண்டு, நாமினி பேர் எழுதுங்க. ஆதார்லயும் பி.எஃப்.லயும் பேர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

மூணு, பேங்க்ல வருஷம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு. ரெண்டும் ரெண்டு ரெண்டு லட்சம். எழுதிக் கொடுங்க.

நாலு, இந்த மாசச் சம்பளச் சீட்டைக் கசக்கிப் போடாதீங்க. ஒரு ஃபைல் வாங்கி அதுல போடுங்க. சீட்டே கொடுக்கலைன்னா கேளுங்க. தனியாக் கேக்க பயமா இருந்தா பத்து பேரா கேளுங்க.

இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் நம்ம அலுவலகத்துல ரெண்டு தோழர்கள் போனும் கையுமா உக்காந்திருப்பாங்க. நீங்க எந்தக் கட்சின்னு கேட்க மாட்டோம், எந்த மாநிலம்னும் கேட்க மாட்டோம். சீட்டை மட்டும் கொண்டு வாங்க.

அப்புறம், இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. உண்மையைச் சொல்லுங்க.