மண்வாரி வருமுன் காகிதம் வருகிறது

(குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம் வீட்டு முன்னால் அடைத்துக்கிடக்கும் கால்வாய், எரியாத தெருவிளக்கு, அக்கா நடத்தும் ஒட்டுக்கடையின் லைசென்ஸ், பக்கத்துக் காலி நிலத்தில் நாளைக்கு எழும்பப்போகும் கட்டடம், இவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதையெல்லாம் பார்ப்பது பிரதமர் அல்ல, ஊராட்சி மன்றம். சிறு பட்டணமென்றால் மாவட்ட மன்றம், கொஞ்சம் பெரியதென்றால் நகராண்மைக் கழகம்.

முதலில் பணம். மன்றம் யார் பணத்தில் நடக்கிறது? அரசு மானியம் கொஞ்சம் வருகிறது. மற்றது நாம் கட்டும் வீட்டு வரி, கடை லைசென்ஸ், வாகன நிறுத்தக் கட்டணம், சம்மன். வீட்டு வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? உங்கள் வீட்டுக்கு ஓராண்டில் எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாகப் போடுகிறார்கள். மாத வாடகை 500 வெள்ளி என்றால் ஆண்டு மதிப்பு 6,000. மன்றத்தின் விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 300 வெள்ளி. அரையாண்டுக்கு 150. பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் தவணை. "நான் வாடகைக்கு இருக்கிறேன், எனக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் அந்த வரியையும் சேர்த்துத்தான் உங்களிடம் வாடகை வாங்குகிறார். ஆகவே மன்றத்தின் கால்வாய் நமக்குப் போடும் பிச்சை அல்ல. நாம் கொடுத்த காசு.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கால்வாய் அடைத்தால் அரசியல்வாதி வரும் நாளுக்காகக் காத்திருக்கிறோம். மாலை போடுகிறோம், மகஜர் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். 2007 ஏப்ரலில் சிலாங்கூர், ஈஜோக்கில் இடைத்தேர்தல் வந்தது. தோட்டங்கள் நிறைந்த சிறு ஊர்ப்பகுதி அது. பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பாதைகளுக்கு அந்தச் சில வாரங்களில் தார் வந்தது, விளக்கு வந்தது. மக்களுக்கு மகிழ்ச்சி. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தேர்தல் வந்ததும் செய்ய முடிந்த வேலையை அதற்கு முன் ஏன் செய்யவில்லை? காசு இல்லாமலா? கேட்க ஆள் இல்லாமலா?

அடுத்து, காகிதம். ஒரு தோட்டம் விற்கப்பட்டால் மறுநாளே மண்வாரி இயந்திரம் வந்து நிற்பதில்லை. முதலில் நிலம் கைமாறுகிறது. பிறகு நில அலுவலகத்தில் விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற விண்ணப்பம் போகிறது. பிறகு மன்றத்தில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம். அதற்கும் முன்னால், எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை, எது பள்ளிக்கு, எது வழிபாட்டுக்கு, எது சுடுகாட்டுக்கு என்று வட்டாரத் திட்டத்தில் வண்ணம் தீட்டியாகிவிட்டது. இத்தனை காகிதமும் நகர ஆண்டுக்கணக்கு ஆகும். நமக்குத் தெரிவதோ கடைசி நாளில்.

பெரிய பட்டணத்திலும் இதே கதைதான். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியிலுள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது 2014இல். நாடே அதைப் பற்றிப் பேசியது 2025 மார்ச்சில். முடிவில் ஆலயம் அருகிலுள்ள வேறு இடத்துக்கு மாற ஒப்புக்கொண்டது. இடையில் 11 ஆண்டுகள். காகிதம் முதலில் நகர்ந்தது, கூச்சல் பிறகுதான் கேட்டது.

சட்டம் நமக்கு வாசல் எதுவும் வைக்கவில்லையா? வைத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது கட்ட விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்.

இங்கேதான் நம் மக்கள் அடிபடுகிறார்கள். கவனியுங்கள், "நில உரிமையாளர்" என்கிறது சட்டம். மூன்று தலைமுறையாக லயத்தில் இருப்பவர் உரிமையாளர் அல்ல. புறம்போக்கில் இருப்பவர் அல்ல. வாடகைக்கு இருப்பவர் அல்ல. பட்டா இல்லாத கோயிலின் நிர்வாகமும் அல்ல. அவர்கள் வீட்டுக்கு அந்த நோட்டீஸ் வராது. வட்டாரத் திட்ட அறிவிப்பு பத்திரிகையில் வரும். ஆனால் தமிழ்ப் பத்திரிகையில் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே தெரியவில்லை என்பது நம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. நமக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அதனால் நாமே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் அடிவேர் ஒன்று உண்டு. நாம் இந்த மன்றத்துக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஒரு காலத்தில் போட்டோம். ஜார்ஜ்டவுனில் 1951இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957இல் அந்நகரின் முதல் மேயரானவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகர மன்றத்தைப் பிடித்து நடத்தியது. 1965 மார்ச்சில் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம், தேர்தலை மீண்டும் நடத்துங்கள் என்று 1968இல் அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. பினாங்கு மாநிலம் மீண்டும் நடத்த முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது. மோதல் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. தேர்தல் இன்னும் வரவில்லை.

இன்று மன்றத் தலைவரோடு 8 முதல் 24 பேர் வரை கவுன்சிலர்களாக இருக்கிறார்கள். நியமிப்பது மாநில அரசு. நம் பகுதிக்கு ஓர் இந்தியக் கவுன்சிலர் இருக்கலாம். நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவரை வைப்பதும் எடுப்பதும் நம் கையில் இல்லை. அவர் யாருக்குப் பயப்படுவார்? நமக்கா, நியமித்தவருக்கா?

அதனால் ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடக்கூடாது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. நான்கு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, குடியிருப்பாளர் சங்கத்தை முறையாகப் பதியுங்கள். தனி ஆள் கடிதம் மேசையில் தூங்கும். சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் கேட்கலாம்.

இரண்டு, மன்றத்தின் முழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கூட்டத்தில் வேறு தீர்மானம் எடுத்தாலொழிய அது பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம். சட்டத்தின் 23ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பேச விடமாட்டார்கள். பரவாயில்லை, கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் நம் பகுதிக்கு என்ன வேலை என்று, பட்ஜெட் முடிவாகும் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஜனவரியில் கேட்டால், "ஒதுக்கீடு இல்லை" என்ற பதில்தான் வரும்.

மூன்று, வரி மதிப்பீடு கூடினால் காப்பிக் கடையில் ஏசாதீர்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். தேதி தவறினால் வழக்கறிஞரிடம் வந்தும் பெரிய பயனில்லை.

நான்கு, படித்த பிள்ளைகளில் இருவரை இதற்கென்று ஒதுக்குங்கள். மன்றத்துக்குப் போய் வட்டாரத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்க்கட்டும். நம் கோயில், பள்ளி, சுடுகாடு எந்த வண்ணத்தில் இருக்கின்றன என்று குறித்து வரட்டும். தவறான வண்ணத்தில் இருந்தால், திட்டத்தை மறுபரிசீலனை செய்யும்போது ஆட்சேபம் போடுவோம்.

மண்வாரி முன்னால் படுத்துப் போராடிய தாய்மார்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தத் தாய்மார்கள் படுக்க வேண்டிய நிலையே வரக்கூடாது. அடுத்த முழுக் கூட்டத்துக்கு இங்கிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.