பேனரைப் பார்த்துச் சேர்ந்தேன்!

திருத்தணி மலைக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகை என் ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். எங்க கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். (சிரிப்பு)

நிதித்துறை வேலைக்குக் கைகொடுப்பது கல்லூரியின் பேர்தான் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். ஐயா, அந்தப் பேரை நம்பிப் போனவள் உங்க முன்னாடி நிக்கிறேன்.

எங்கப்பா விசைத்தறி ஓட்டுறவர். நான் பிளஸ் டூவில் காமர்ஸ் முடிச்ச வருஷம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர். "நூறு சதவீதம் வேலை!" கோட்டு போட்ட பையன் சிரிக்கிறான். அந்தக் கல்லூரி பேர் வேண்டாம். அம்மா சங்கிலி அடகுக்குப் போனது. மூணு வருஷம் பி.காம். வேலையும் வந்தது, பொய் சொல்லலை. "சார், கிரெடிட் கார்டு வேணுமா?" அதான் வேலை! (சிரிப்பு) ஒவ்வொருத்தர் போனை வைக்கும்போதும் அம்மாவோட வெறும் கழுத்துதான் ஞாபகம் வரும்.

இப்போது தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டா. ஆடிட்டர் ஆகணுமாம். இந்தத் தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

சி.ஏ. தேர்வை எந்தக் கல்லூரியும் நடத்தவில்லை. 1949-இல் சட்டம் போட்டு அமைத்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்துகிறது. முதலில் ஃபவுண்டேஷன். நாலு பேப்பர், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் பாதி எடுக்கணும். அப்புறம் இன்டர்மீடியட். அதில் ரெண்டு குரூப்பும் தேறினால் ஆடிட்டரிடம் ரெண்டு வருஷப் பயிற்சி. முன்னே மூணு வருஷம், 2023-இல் குறைத்தார்கள். கடைசியில் ஃபைனல். லயோலா பையனுக்கும் எங்க திருத்தணி அரசுக் கல்லூரிப் பொண்ணுக்கும் ஒரே கேள்வித்தாள்தான் ஐயா! (கைதட்டல்)

அப்போ கல்லூரிகிட்ட என்ன கேட்கணும்? நேரம் கேட்கணும். மெட்ராஸுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினம் போய்வர நாலு மணி நேரத்துக்கு மேல். அதைப் படிப்பில் போட்டால் ஒரு பேப்பர் தேறும். திருத்தணி என்றால் பஸ்ஸில் போய் மதியம் வீட்டுக்கு வந்துடலாம். தங்கச்சி அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படிச்சவ, புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் வரும். புத்தகத்துக்கு ஆச்சு.

"உங்க ஊர் ராதாகிருஷ்ணனே கிறித்தவக் கல்லூரிக்குப் போனாரே" என்று எதிரணி அம்மா கேட்டாங்க. போனார். ஆனால் தத்துவம் ஏன் எடுத்தார்? படிச்சு முடிச்ச உறவுக்காரர் புத்தகங்களைக் கொடுத்தார், செலவு மிச்சம்! (சிரிப்பு, கைதட்டல்) கணக்குத் துறையிலேயே சொல்றேன். 1933-இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆன சிவபோகம் அம்மையார் படிச்சது ராணி மேரிக் கல்லூரி. அவர் தொழில் கத்துக்கிட்டது ஒரு ஆடிட்டர்கிட்ட.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். முதலீட்டு வங்கிக்காரர்கள் ஆள் எடுக்கப் பேரெடுத்த சில கல்லூரிகளுக்குத்தான் வருவார்கள். மார்க்கில் அங்கே இடம் கிடைத்து, கட்டணமும் கட்டுபடியானால் பெட்டியை நானே தூக்கிட்டு வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, போன வருஷம் அங்கே முடிச்ச நாலு பேரைத் தேடிப் பிடிங்க. "என்ன வேலை, கையில் எவ்வளவு வருது"ன்னு கேளுங்க. நான் கேட்கலை.

அம்மா சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கு. மீட்க வெச்சிருக்கிற பணத்தை இன்னொரு பேனருக்குக் கொடுக்கச் சொல்லாதீங்க, எதிரணி நண்பர்களே. (பலத்த கைதட்டல்)