புல்லும் சேறும் சும்மா கிடக்கின்றனவா?

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



காட்டை அழித்தால் கேடு என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் மரமில்லாத புல்வெளியையோ சேறு நிறைந்த நீர்ப்பரப்பையோ காட்டி, ‘இது என்ன இடம்?’ என்று கேளுங்கள். ‘சும்மா கிடக்குற இடம் சார்’ என்பார்கள். அந்த விடையைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அதற்காக அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பறவை பார்ப்போர் கழிக்கும் ஒரு வசந்தகால நாளை உங்கள் முன் வைக்கிறேன்.

மே மாதத் தொடக்கம். பொழுது இன்னும் விடியவில்லை. பிளின்ட் ஹில்ஸ் என்னும் குன்றுப் பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். குட்டைப் புல் வளர்ந்த ஒரு மேட்டில் புல்வெளிக் கோழியின் சேவல்கள் கூடுகின்றன. கழுத்தின் இருபுறமும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பைகளை உப்பவைத்து, கால்களால் தரையைத் தட்டி, வெறும் பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல ஒலி எழுப்புகின்றன. பெட்டைகள் வந்து பார்த்து இணையைத் தேர்ந்தெடுக்கின்றன. பிறகு உயரமான புல்லுக்குள் கூடு வைக்கின்றன. புல் இல்லையென்றால் கூடு இல்லை.

வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் உயர்புல் வெளி இருந்தது. இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பகுதி உழப்பட்டு, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயலாகிவிட்டது. பிளின்ட் ஹில்ஸ் மட்டும் எப்படித் தப்பியது? அங்கே மேல்மண் ஆழமில்லை; அடியில் சுண்ணாம்புப் பாறை. ஏர் இறங்கவில்லை, மாடு மேய்ந்தது. இதை வகுப்பில் கேள்வியாகவே வைக்கலாம்.

மதியத்துக்குள் மேற்கே சென்றால் ஷயான் பாட்டம்ஸ். சுமார் 41,000 ஏக்கர் கொண்ட இயற்கையான பள்ளம். 1988 முதல் ராம்சர் தலம். அங்கே சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடி இரை பொறுக்குகின்றன. அவற்றில் வெண்பிட்டம் கொண்ட ஒரு சிறு உள்ளானின் எடை 50 கிராம்கூட இருக்காது. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து புறப்பட்டு, கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போகிறது. வழியில் சேற்றிலுள்ள புழுக்களைத் தின்று கொழுப்பைச் சேர்த்தால்தான் அடுத்த கட்டப் பயணம். தண்ணீர் ஆழமானால் அதன் காலுக்கு எட்டாது. வறண்டால் புழு இருக்காது.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வழக்கு உண்டு. ஷயான் பாட்டம்ஸுக்கு நீர் தரும் வால்நட் ஓடையின் பள்ளத்தாக்கில், விவசாயிகள் ஆழ்குழாய்க் கிணறுகளால் பாசனம் செய்தார்கள். ஓடையின் வரத்து குறைந்தது. 1992இல் மாநில நீர்வளத் தலைமைப் பொறியாளர் நீர் இறைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தார். பயிரும் வாழ்வாதாரம்தான், பறவைக்கும் அது வாழ்வாதாரம்தான். இருவரில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது? எட்டாம் வகுப்பில் இதைவிட நல்ல விவாதப் பொருள் கிடைக்காது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. ‘சும்மா கிடந்த இடம்’ போனதன் கணக்கு இது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளானும் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரிப்பதுதான். அதற்கும் வழியெல்லாம் சேறு வேண்டும். நம் ஏரியோரச் சேறும் அந்த வழியில் ஓர் இடம்தான்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பள்ளியும் சேரட்டும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்டு தளத்தில் பதிந்தால் போதும். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊர் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எண்ணி முடித்த பிறகு, ‘இது என்ன இடம்?’ என்ற கேள்வியைத் திரும்பவும் கேட்டுப் பாருங்கள்.