வான் ரீடும் நம் கரிம்பனையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பெருமாட்டியின் வரப்புகளில் நிற்கும் பனையை நாம் பனை என்கிறோம். மலையாள அன்பர்கள் கரிம்பனை என்கின்றனர். அக்கரிம்பனை என்னும் பெயர் 1678-ஆம் ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் நகரில் இலத்தீன் நூலொன்றில் அச்சேறியது என்றால் வியப்பன்றோ? அதனை அச்சேற்றிய டச்சுப் பெருமகனாரின் வரலாற்றையே இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஹெந்திரிக் ஆதிரியான் வான் ரீடு 1636-இல் பிரபுக் குடியொன்றில் தோன்றினார். 1656-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஊழியத்தில் அமர்ந்தார். 1670 முதல் 1677 வரை கொச்சியிலிருந்து மலபார்ப் பகுதியை நிருவகித்தார். பின்னர்த் தாயகம் மீண்டு, 1684-இல் உத்ரெக்ட் மாநிலத்து மிட்ரெக்ட் என்னும் ஊரின் நிலவுரிமையைப் பெற்று, அவ்வூர்ப் பிரபுவானார். நிலக்கிழாராய் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அவ்வாண்டே, கும்பெனியாரின் ஊழலைக் களையும் ஆணையராக மீண்டும் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனை, இலங்கை, வங்கம், சோழமண்டலக் கரை எனச் சுற்றினார். நம் நாகப்பட்டினத்தையும் கண்டார். 1691 டிசம்பரில், கொச்சியிலிருந்து சூரத் செல்லும் வழியில், கடலிலேயே உயிர் நீத்தார். சூரத்தில் அவர் கல்லறை இன்றும் உளது. திருத்தலம் நாடிய யாத்திரிகர் அல்லர் அவர். எனினும் வாழ்நாள் முழுதும் யாத்திரையே வாழ்வாயிற்று.

மிளகு வாணிகத்தைத் தன் கைக்குள் அடக்க வந்த கும்பெனியின் ஊழியரே அவர். அதனை மறைத்துப் புகழ்தல் முறையன்று. மருந்துச் செடிகளை அவர் தேடியதிலும் கும்பெனியின் ஆதாயம் இருந்தது. ஆனால், தேடிய விதத்தில் ஒரு பெருமை இருக்கின்றது.

'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', அதாவது மலபார்த் தோட்டம், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. 740-க்கும் மேற்பட்ட செடிகொடிகள் அதில் இடம்பெற்றன. முதற் பாகத்தின் முதற்செடி தெங்கு. கமுகும் கரிம்பனையும் ஆண்பனையும் அதனைத் தொடர்ந்தன. பிற்காலத்தில் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் செடிகளுக்குப் பெயர் சூட்டியபோது இந்நூலைச் சான்றாகக் கொண்டார்.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியின் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்து ஏடுகளிலிருந்தும் பட்டறிவிலிருந்தும் எடுத்துரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் துணை நின்றனர். 1675-இல் இவர்கள் எழுதித் தந்த சான்றுரைகளை, அவரவர் எழுத்திலேயே, வான் ரீடு முதற் பாகத்தில் பதிப்பித்தார். சொன்னவர் பெயரை விழுங்கிவிட்டுத் தம் பெயரை மட்டும் நிறுத்தவில்லை. இன்று அச்சுதன் வைத்தியரை உலகம் அறிவது அந்த ஒரு தாளினாலன்றோ!

இலத்தீனில் உறங்கிய அந்நூலைத் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் பல்லாண்டு உழைத்து மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் அதனை 2003-இல் ஆங்கிலத்திலும், 2008-இல் மலையாளத்திலும் வெளியிட்டது. அச்சுதனின் அறிவு அவர்தம் மக்களின் மொழிக்குத் திரும்ப முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

அன்பர்களே! நம் முன்னோர் கணவாய் கடந்து இங்குக் குடியேறியபோது, மூட்டை முடிச்சுகளோடு மூலிகைப் பெயர்களையும் கொணர்ந்தனர். எச்செடி எந்நோய்க்கு என நம் பாட்டிமார் அறிவர். பேரப் பிள்ளைகளோ பெயரும் அறியார். பாட்டி மறைந்தால் பெயரும் மறையும். நமக்காக எழுத எந்தப் பிரபுவும் கப்பலேறி வரப்போவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். செடியின் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், பயன் ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றின் கீழே, சொன்னவர் பெயரையும் மறவாது எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவ்வேடுகளை இம்மேடையில் ஒருங்கே காணும் பேறு நமக்குக் கிட்டுவதாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!