முதலுக்கே மோசம் வராமல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய விழாக்களில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோரும் உண்டு. அடியேனோ ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆகவே எனக்குப் பழகிய கணக்கையே இன்று எடுத்துக்கொண்டேன். அது பணக்கணக்கு அன்று, உயிர்க்கணக்கு.

வட்டியை உண்டு வாழலாம். முதலில் கைவைத்தால் குடும்பம் நில்லாது என்பது நம் வீடுகளில் அனைவரும் அறிந்த உண்மை. விலங்கினங்களுக்கும் முதல் என்று ஒன்று உண்டு. அது எது என்று அறியாமல் மனிதன் பட்ட பாட்டை முதலில் சொல்லுகிறேன். பிறகு நம் தமிழ்நாட்டுக் கடலுக்கு வருவோம்.

அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில் பிரிபிலாஃப் என்னும் சிறு தீவுகள் உள்ளன. கோடைதோறும் உரோமக் கடல்நாய்கள் அங்கே கரையேறிக் குட்டி போடுகின்றன. நாம் காலனி அமைத்துக் குடியிருப்பதைப் போல அவையும் கூட்டங்கூட்டமாய்க் குடியிருக்கின்றன. விலங்கு நூலாரும் அதனைக் காலனி என்றே வழங்குகின்றனர். ஆண் கடல்நாய் மிகப் பெரியது. ஒன்றே பல பெண்களுக்குத் துணையாகி விடும். பெண்ணோ நான்கைந்து வயதுக்கு மேல்தான் தாயாகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி. தாய் சில நாட்கள் கடலில் இரை தேடும். திரும்பி வந்து, ஆயிரக்கணக்கான குட்டிகளுக்கு நடுவே தன் குட்டியைக் குரலாலும் மணத்தாலும் அறிந்து பாலூட்டும். இவ்வாறு ஏறக்குறைய நான்கு மாதம். அந்தத் தாய் திரும்பாவிட்டால் வேறொரு தாய் அக்குட்டிக்குப் பால் தருவது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தோலுக்காக இவற்றைக் கப்பல்களில் சென்று கடலிலேயே வேட்டையாடினர். கடலில் இரை தேடித் திரிந்தவை பெரும்பாலும் தாய்கள். ஒன்றைக் கொன்றால் அதன் வயிற்றுக் கருவும் போயிற்று. கரையில் காத்திருந்த குட்டியும் பட்டினியால் மாண்டது. ஒரு தோலுக்கு மூன்று உயிர்! கூட்டம் சில லட்சமாகச் சுருங்கிய பின்னர், 1911-ஆம் ஆண்டில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் ஆகிய நாடுகளும் கனடாவுக்காகப் பிரிட்டனும் உடன்படிக்கை செய்து கடல் வேட்டையை நிறுத்தின. கரையில் இளம் ஆண்களை மட்டும் கொல்லும் முறை நிலைபெற்றது. தாய்கள் பிழைத்தன, இனமும் பெருகியது. 1950-களில் தொகை இருபது லட்சத்தை எட்டியதாக மதிப்பிட்டனர்.

அப்பொழுதுதான் ஒரு புதுக் கணக்கு பிறந்தது. கூட்டம் மிகுந்து குட்டிகள் நெரிசலில் சாகின்றன. பெண்களைச் சற்றுக் குறைத்தால் எஞ்சியவை நன்றாக ஈன்று, தோல் வருவாயும் உயரும் என்று எண்ணினார்கள். 1956 முதல் 1968 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பெண் கடல்நாய்களைக் கொன்றார்கள். எதிர்பார்த்த பெருக்கம் வரவில்லை. குட்டிகளின் தொகை விழுந்தது. பிற்காலத்துச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டென்று அறிஞர் கூறுவர். ஆயினும் அச்சரிவைத் தொடங்கி வைத்தது தாய்களைக் கொன்ற செயலே. 1984-இல் வாணிப வேட்டையே நின்றது. 1988-இல் அமெரிக்க அரசு அவ்வினத்தைக் குன்றிப்போன இனம் என்று அறிவித்தது.

அன்பர்களே! கடல்நாய் நம் கரைகளில் இல்லை. ஆனால் நம் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் ஒரு சாது விலங்கு உண்டு. கடற்பசு என்று நூல்கள் சொல்லும். நம் மீனவர் ஆவுளியா என்பர். கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. யாருக்கும் தீங்கு செய்யாதது. இதன் கணக்கு கடல்நாயின் கணக்கைக் காட்டிலும் கடுமையானது. எழுபது வயது வரை வாழக்கூடியது என்றாலும், பெண் ஆவுளியா தாயாவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு ஆகிறது. கர்ப்பம் ஓராண்டுக்கும் மேல். ஈனுவது ஒரு கன்று. அதற்கு ஒன்றரை ஆண்டளவு பால் கொடுக்கும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை செல்லும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து வயதில் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒன்றாக ஐம்பது வயது வரை ஈன்றால், ஒரு தாய் ஒன்பது கன்றுகளைத் தரும். அதுவே இருபது வயதை எட்டுமுன் வலையில் சிக்கி மாண்டால் இரண்டே கன்று. அவற்றுள் ஒன்றே பெண்ணாக இருக்கும். அதுவும் பத்தாண்டு பிழைத்தால்தான் தாயின் இடம் நிரம்பும்! எல்லாம் நன்றாக அமைந்தாலும் இவ்வினம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது. வளர்ந்த பெண்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றை மனிதன் கூடுதலாக இழக்கச் செய்தாலும் இனம் தேயத் தொடங்கிவிடும். இந்தியக் கடல் முழுவதிலும் எஞ்சியிருப்பவை சில நூறே என்பது மதிப்பீடு.

தேய்ந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. ஆவுளியாவின் நெருங்கிய உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு அதே பெரிங் கடலில் வாழ்ந்தது. அறிஞர் அதனைக் கண்டது 1741-இல். இறைச்சிக்காக வேட்டையாடி முடித்தது 1768-இல். இருபத்தேழே ஆண்டுகள்!

நம் அரசு சும்மா இருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியாவுக்கு முதல் அட்டவணையில் இடம் தந்துள்ளனர். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. ஆயினும் சட்டம் கரையில் இருக்கிறது. ஆவுளியா கடலில் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்க வேண்டிய அதற்கு, வலையில் சிக்கினால் உடனே விடுவிக்கும் ஒருவரே காவல். அதற்காக விலையுயர்ந்த வலையையே அறுத்துவிட்ட மீனவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசும் அளித்துள்ளது. வலை அறுந்தால் அவர்கள் வீட்டில் அன்றைய அடுப்பே ஐயம். அவ்விழப்பைச் சமூகம் ஈடு செய்வதே நீதி.

வாகட்டில் இருந்துகொண்டு நாம் என் செய்வது என்று கேட்கலாம். நம்மில் பலர் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளைச் சேர்ந்தவர்கள். விடுமுறைக்குச் செல்லும்போது கரையோரத்து உறவினரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மருந்தென்றும் விருந்தென்றும் யாரேனும் அதன் இறைச்சியைக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். கடற்புல் படுகையைக் கெடுக்கும் குப்பையைக் கடலில் கொட்டாதீர்கள். குழந்தைகளுக்கு ஆவுளியா என்ற பெயரையேனும் கற்றுக்கொடுங்கள். பெயர் தெரியாததை எவரும் காப்பதில்லை.

ஓர் இனத்தின் செல்வம் தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. தாய்களின் ஆயுளில் இருக்கிறது. அந்த முதலுக்கு மோசம் வராமல் காப்பது நம் கடமை.