அயோத்திதாசப் பண்டிதர் நமக்கு விட்டுச் சென்ற பணி

 

இவ்வெள்ளி விழாவில் அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பண்டிதர் வாழ்ந்ததும் தொண்டாற்றியதும் சென்னையிலும் நீலகிரியிலும். எனினும், பொருநைக் கரையில் வாழும் நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பண்டிதர் 1845 மே 20 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். சித்த மருத்துவத்தில் தேர்ந்தார். 1891 இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, டிசம்பர் முதல் நாள் உதகையில் மாநாடு கூட்டினார். கல்விக்கூடம், அரசுப் பணி, பொதுக் கிணறு குளங்களில் நீரெடுக்கும் உரிமை ஆகியவற்றை அம்மாநாடு கோரிற்று. 1898 இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

பிறர் சூட்டிய இழிபெயரை ஏற்றுக்கொண்டு இரக்கம் வேண்டி நிற்பது அவர்க்கு உடன்பாடன்று. நாம் யார் என்பதே அவர் எழுப்பிய முதல் வினா. நம் முன்னோர் இந்நாட்டின் பூர்வ பௌத்தர். சாதியை ஏற்க மறுத்தமையால் தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கண்ட விடை. அதற்குச் சான்றாக இலக்கியங்களையும் ஓலைச்சுவடிகளையும் வாய்மொழி வழக்குகளையும் ஆராய்ந்தார். அவர்தம் முடிவுகள் அனைத்தையும் இன்றைய வரலாற்றாசிரியர் ஏற்பர் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், நம் வரலாற்றை நாமே எழுதும் உரிமையை அவர் எவரிடமும் கேட்டுப் பெறவில்லை, தாமே எடுத்துக்கொண்டார்.

1907 ஜூன் 19 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. உழைத்துப் பிழைப்பவனும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே அவ்விலையின் பொருள். மறுஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் மாறிய அவ்விதழை, 1914 மே 5 இல் மறையும்வரை அவர் நடத்தினார்.

பின்னர், அவ்வெழுத்துகள் பல்லாண்டுகள் பொதுநினைவினின்று நீங்கின. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பேணிக் காத்தனர். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, 1999 இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரு தொகுதிகளாக வெளிவந்தது. வெளியிட்டது நம் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். நான் குறிப்பிட்ட உறவு இதுவே.

அதே ஆண்டு ஜூலை 23 இல், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக நெல்லையில் நடந்த பேரணி காவல்துறையின் தடியடிக்கு ஆளாயிற்று. இப்பொருநையில் 17 உயிர்கள் மாண்டன. அதுபற்றி விசாரணை ஆணையத்தின் அறிக்கை உண்டு, செய்தித்தாள்களும் உண்டு. மாண்டவர்தம் வீட்டாரின் சொல்லை எழுதிவைக்க வேண்டியவர் யார்? நாம் அல்லமோ?

இளைஞர்களே! பண்டிதரைப் போற்றுவதற்குப் படமும் மாலையும் போதா. உங்கள் ஊரில் முதன்முதல் பள்ளி சென்றவர் யார், குளத்து நீருக்காகப் போராடியவர் யார் என்று முதியோரிடம் கேளுங்கள். கேட்டதை நாளும் பெயருமிட்டு எழுதுங்கள். இச்சங்கத்தின் பழைய ஏடுகளைச் செல்லரிக்க விடாதீர்கள். சில இதழ்களைச் சிலர் காத்தமையால் பண்டிதர் நமக்குக் கிடைத்தார். நாம் காப்பவற்றால் நாளை யார் கிடைப்பாரோ, யாரறிவார்!