தரவுத்தள நிருவாகியின் கடமை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தரவுத்தளம் என்பது யாது? வேண்டியபோது வேண்டியதை எடுக்கத்தக்கதாகக் கணினியில் ஒழுங்குபடுத்தி வைத்த பதிவேடுகளின் தொகுதியே அது. வங்கிக் கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் இன்று அங்ஙனமே இருக்கின்றன. அவற்றைக் காப்பவரே தரவுத்தள நிருவாகி.

அவர் கடமைகளுள் மூன்றை மாத்திரம் எடுத்துரைப்பேன். ஒன்று, எவர் பார்க்கலாம், எவர் திருத்தலாம் என வரையறுத்தல். ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அதிகாரமே கொடுத்தல் வேண்டும். இரண்டு, மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல். மூன்று, காப்புப்பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல்.

இவை தவறினால் என்ன நேரும்? எமது நாட்டிலேயே சான்று உண்டு. 2023 ஆகஸ்டில், ‘இலங்கை அரசாங்க முகில்’ எனப்படும் அரச கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிருந்தவை இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் இதற்குத் தப்பவில்லை. அங்கு பாவித்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருளுக்கு, அதனை ஆக்கிய நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்தியிருந்தது. தொகுதி மீண்டும் இயங்கியது. ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு மீட்கத்தக்க பிரதி இல்லை.

பிரதி எடுத்துவிட்டோம் என்று அமைதி கொள்ளவும் இயலாது. 2017 சனவரி 31இல் கிட்லாப் என்னும் நிறுவனத்தில், ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பிரதி எடுக்கும் ஏற்பாடுகள் பல இருந்தும் வேளைக்கு உதவவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதியொன்றே கைகொடுத்தது.

வட்டக்கச்சிக் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மூட்டையில் நெல் இருக்கிறது என்பதற்காக அதனை விதைநெல் என்று எவரும் நம்புவதில்லை. ஒருபிடி எடுத்து முளைக்கவிட்டுப் பார்ப்பர். நிருவாகியும் தம் பிரதியை இடையிடையே மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி முளைத்துப் பாராத விதையே.

2009இல் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இழந்து முகாம் சென்றோர் வன்னியிற் பலர். தாளொன்று தொலைந்தால் எத்தனை கந்தோர்ப் படிகள் ஏறவேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள். கணினித் திரையில் ஒரு வரியாகத் தோன்றுவது ஒரு குடும்பத்தின் காணியாயிருக்கலாம். இத்தொழிலை நாடும் எம் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.